பழைய பேச்சுப்போட்டி வீடியோவால் சீனாவில் மகனுக்குச் சிக்கல் வருமா?

கேள்வி: என் மகன் எம்.பி.பி.எஸ். படிக்கச் சீனா போகிறான். பள்ளியில் படித்தபோது தியானன்மென் சதுக்கப் போராட்டம் பற்றிப் பேச்சுப்போட்டியில் பேசினான். அந்த வீடியோ அவன் ஃபேஸ்புக்கில் இருக்கிறது. "இமிக்ரேஷனில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்கவுண்டைச் சுத்தம் பண்ணி, போனில் விபிஎன்னும் போட்டுத் தருகிறேன்" என்று ஏஜென்ட் 12,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? அத்தனை வருஷத்துக்கு முந்தைய சம்பவத்துக்கு ஏன் இன்னும் இவ்வளவு பயம்? (ஒரு தாய், தென்காசி)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. அந்த வீடியோவை அழிப்பதென்றால் உங்கள் மகனே ஐந்து நிமிடத்தில் அழித்துவிடலாம். பாஸ்வேர்டை ஏஜென்டிடம் கொடுப்பது வீடியோவைவிடப் பெரிய ஆபத்து. 2024 ஜூலை 1 முதல் சீன அரசப் பாதுகாப்பு அதிகாரிகள் போன், லேப்டாப்பைப் பரிசோதிக்க விதி இருப்பது உண்மைதான். அதற்காக, வந்து இறங்கும் ஒவ்வொரு மாணவனின் போனையும் திறந்து பார்ப்பது வழக்கமில்லை. அந்த விதியைக் காட்டித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

ஏன் பயம் என்ற கேள்விக்கு வருகிறேன். அது தெரிந்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 1988-ல் சீனாவில் விலைவாசி தாறுமாறாக ஏறியது. ஒரே சரக்குக்கு அரசு விலை ஒன்று, சந்தை விலை ஒன்று. அதிகாரிகளும் அவர்கள் பிள்ளைகளும் குறைந்த விலைக்கு எடுத்து அதிக விலைக்குத் தள்ளினார்கள். 1989 ஏப்ரல் 15-ல், சீர்திருத்தக்காரர் என்று பெயரெடுத்துப் பதவி இழந்திருந்த ஹூ யாவ்பாங் இறந்தார். மாணவர்கள் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் கூடினார்கள். ஏப்ரல் 22, அவருடைய இறுதிச்சடங்கு நாளில், மூன்று மாணவர்கள் மக்கள் மாமண்டபத்தின் (சதுக்கத்தை ஒட்டிய நாடாளுமன்றக் கட்டடம்) படிகளில் மண்டியிட்டு, கோரிக்கை மனுவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். வாங்கிக்கொள்ள எந்தத் தலைவரும் வரவில்லை. நான்கு நாளில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பத்திரிகை இந்தப் போராட்டத்தை "கலவரம்" என்று தலையங்கம் எழுதியது. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள் என்பதே பிறகு மாணவர்களின் முக்கியக் கோரிக்கை ஆனது. மாணவர்களோடு பேசலாம் என்ற கட்சிப் பொதுச்செயலாளர் சாவோ சியாங் பதவி இழந்து, 2005-ல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் இருந்தார். மே 20-ல் ராணுவச் சட்டம். ஜூன் 3 இரவும் 4-ம் தேதியும் ராணுவம் சுட்டது.

அன்றைய முடிவு சரி என்பதுதான் இன்றுவரை கட்சியின் நிலை. பேசச் சொன்னவருக்கே அந்தக் கதி என்றால், பின்னால் வந்தவர்களில் யார் அந்த விவகாரத்தை மறுபடி கிளறுவார்கள்? 2012 ஜூன் 4 அன்று ஷாங்காய் பங்குச்சந்தைக் குறியீடு தற்செயலாக 64.89 புள்ளி இறங்கியது. ஆறாம் மாதம், நான்காம் தேதி, 89-ம் வருஷம் என்று அந்த எண் நினைவூட்டியதால், இணையத்தில் அதைத் தேடுவதையே தடுத்தார்கள். ஹாங்காங்கில் 1990 முதல் 2019 வரை வருஷந்தோறும் விக்டோரியா பூங்காவில் மெழுகுவத்தி ஏற்றி அஞ்சலி செலுத்தினார்கள். 2020-ல் அதற்கும் தடை வந்தது. "ஹாங்காங் வேற சார், அங்கே பேசலாம்" என்று இன்னும் சொல்லும் ஏஜென்டுகள் பழைய பாடத்தை ஒப்பிக்கிறார்கள்.

(போட்டிக் குறிப்பேடுகளில் "சதுக்கத்துக்குள் 10,000 பேர் பலி" என்று இருக்கும். அது ஒரு பிரிட்டிஷ் தூதரகத் தந்தியின் மதிப்பீடு. அரசு சொன்னது படைவீரர்களையும் சேர்த்துச் சுமார் 300. பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் பெயர் பெயராகத் திரட்டியதே 200-ஐத் தாண்டியது. பெரும்பாலானவர்கள் இறந்தது சதுக்கத்துக்குப் போகும் சாலைகளில், குறிப்பாக மூசிடி பகுதியில்.)

சீனாவில் அதிகாரிகள் கவலைப்படுவது ஒருவனுக்கு என்ன தெரியும் என்பதைப் பற்றி அல்ல, அவன் எதைப் பரப்புகிறான், யாரைக் கூட்டுகிறான் என்பதைப் பற்றித்தான். ஆகவே ஆபத்து பழைய வீடியோவில் இல்லை. வகுப்பு வீசாட் (வாட்ஸ்அப் போன்ற சீனச் செயலி) குரூப்பில் ஒரு படத்தை ஃபார்வர்ட் பண்ணுவதில் இருக்கிறது. முதலில் அக்கவுண்ட் முடங்கும். வங்கி, சாப்பாடு, விடுதிச் செய்தி எல்லாமே அதில்தான். உங்கள் மகனை அவர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். அதே குரூப்பில் அதற்குப் பதில் எழுதிய சீன நண்பன் எங்கே போவான்? அவனுடைய வேலையும் குடும்பமும் அங்கேதானே. இதை எந்த ஏஜென்டும் சொல்வதில்லை, எந்தக் கல்லூரிக் கையேட்டிலும் அச்சடிப்பதில்லை. தடைசெய்த சொற்களின் பட்டியலையும் வெளியிடாமல், மாணவன் தானாகவே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பது கொடுமை.

விபிஎன் (சீனாவில் முடக்கப்பட்ட வாட்ஸ்அப், ஜிமெயில் போன்றவற்றைத் திறக்க உதவும் செயலி) விஷயத்துக்கு வருகிறேன். அனுமதி இல்லாத விபிஎன்னுக்கு 15,000 யுவான் வரை அபராதம் உண்டு. விற்றவர்கள் சிறைக்கே போயிருக்கிறார்கள். சீனியர்கள் விற்பதையும் வாங்க வேண்டாம், வீசாட்டில் பணம் அனுப்பிய பதிவு அப்படியே இருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுப் போனால் டேட்டா நம் நிறுவனத்தின் வழியாகவே வருவதால், வாட்ஸ்அப்பும் ஜிமெயிலும் பொதுவாக வேலை செய்யும். ஆனால் மூன்று விஷயம். கல்லூரி வைஃபையில் இணைந்த உடனே அந்த வசதி போய்விடும். பேக் விலை அதிகம் என்பதால் முதல் சில வாரங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். மூன்றாவதுதான் முக்கியம்: சீன எண்ணில் தொடங்கிய வீசாட் கணக்கு, எந்த சிம்மில் திறந்தாலும் சீனக் கணக்குதான். ரோமிங்கில் இருக்கிறோமே என்று அதில் எதையும் எழுதக் கூடாது.

வீசாட் இந்தியாவில் 2020 ஜூன் முதல் தடை. "ஏபிகே ஃபைல் (ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை நிறுவும் ஃபைல்) அனுப்புகிறேன், இன்ஸ்டால் பண்ணி ஓடிபி சொல்லுங்கள்" என்று ஏஜென்ட் கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த ஓடிபியோடு வங்கிக் கணக்கும் போய்விடலாம். மகனோடு சாதாரண ஐஎஸ்டி அழைப்பில் பேசுங்கள்.

நிஜமாகவே மாணவர்கள் மாட்டுவது வேறு இடத்தில். போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தங்கும் முகவரியைப் போலீசில் பதிய வேண்டும். விடுதி என்றால் பெரும்பாலும் கல்லூரியே செய்யும், பதிந்தாயிற்றா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும். சீனியர் அறையில் இரண்டு நாள் தங்கினாலும் அவனே போய்ப் பதிய வேண்டும். எக்ஸ்1 விசா (நீண்ட காலப் படிப்புக்கான விசா) என்றால் 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

தியானன்மென் சதுக்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் முன்பதிவும் பாஸ்போர்ட்டும் கட்டாயம். ஜூன் முதல் வாரத்தில் அந்தப் பக்கமே வேண்டாம். சீன நண்பன் தானாகவே இந்தப் பேச்சை எடுத்தால் நேரில் கேட்டுக்கொள்ளட்டும், அன்று இரவு அதையே மெசேஜில் தொடர வேண்டாம்.