அண்ணா நகர் வீடுகள்: தண்ணீர், சாக்கடை, சீலிங், ரீடெவலப்மென்ட் – கேள்வி பதில்

அண்ணா நகர், ஷெனாய் நகர், திருமங்கலம் பகுதிகளில் குடியிருப்பவர்களும் குடிவர நினைப்பவர்களும் கேட்டவை. பதில்கள் அனைத்தும் பழைய அடுக்ககங்கள், வீட்டுவசதி வாரிய ஃப்ளாட்டுகள் ஆகியவற்றின் பராமரிப்பை நன்கு அறிந்த ஒருவருடையவை.

கேள்வி: சார், எனக்கு ஆலந்தூர் பக்கம் ஆபீஸ். மெட்ரோவுக்கு நடக்கிற தூரத்தில் வாடகை வீடு தேடுறோம். திருமங்கலம் நல்லதா, டவர் ஸ்டேஷன் நல்லதா? ஓனர் பத்து மாச அட்வான்ஸ் கேட்கிறார்.

திருமங்கலம், அண்ணா நகர் டவர், அண்ணா நகர் கிழக்கு மூன்றும் ஒரே பச்சைத் தடத்தில் இருக்கின்றன. ஆலந்தூருக்கு வண்டி மாற வேண்டியதில்லை. ஆகவே ரயிலை வைத்து முடிவு செய்யாதீர்கள், தெருவை வைத்து முடிவு செய்யுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் திருமங்கலத்தில் வந்து சேர்கிறது. பின்னால் அது பெரிய வசதி. ஆனால் வேலை முடியும்வரை தூசி, இரைச்சல், போக்குவரத்து மாற்றம் எல்லாம் உண்டு. வீட்டில் கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் டவர் அல்லது கிழக்குப் பக்கம் பாருங்கள்.

புரோக்கர் சொல்லும் “அஞ்சு நிமிஷ நடை”யை நம்ப வேண்டாம். காலை 9 மணிக்கு, திறந்திருக்கும் நுழைவாயில்வரை நீங்களே நடந்து பாருங்கள். இரண்டாவது அவென்யூவைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் அதற்கே தனி நேரம் ஆகும்.

அட்வான்ஸ் விஷயத்தில், 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் வரம்பு. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும். எனவே பேரத்தைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகார அலுவலகத்தில் பதிவு செய்வதும் கட்டாயம்.

கேள்வி: எங்கள் பிளாக்கில் எட்டு வீடு. மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருது, சம்ப் பாதிகூட நிரம்பலை. பக்கத்து வீட்டில் லைன்லயே மோட்டார் வெச்சிருக்காங்க. நாங்களும் வெச்சுடலாமா?

வைக்காதீர்கள். அது சட்டவிரோதம், பிடிபட்டால் இணைப்பே போகும். அதைவிட முக்கியம், லைனில் மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் வெற்றழுத்தம் உண்டாகிறது. மண்ணுக்கடியில் எங்கே மூட்டு கசிந்திருக்கிறதோ, அங்கே பக்கத்திலிருக்கும் சாக்கடை நீரும் சேர்ந்து உள்ளே வரும். பக்கத்து வீட்டுக்காரர் இழுப்பதில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் கெடலாம். குடிநீர் வாரியத்தின் 1916 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுப்பதில் தயக்கமே வேண்டாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். எட்டு வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 4,320 லிட்டர், இரண்டு நாளைக்கு 8,640 லிட்டர் வேண்டும். தண்ணீர் வரும் நேரத்தில் சம்பின் பால் வால்வை (நிரம்பியதும் தானாக மூடும் மிதவை வால்வை) கழற்றிவிட்டு 20 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 1,200 லிட்டர். மூன்று மணி நேரம் வந்தாலும் 3,600தான், போதாது. இதே சோதனையை லைனில் மோட்டார் இல்லாத வேறொரு வீட்டில் செய்து பாருங்கள். அங்கே இரண்டு மடங்கு வந்தால் குற்றம் தெருக் குழாயில் இல்லை, உங்கள் இணைப்புக் குழாயில்தான். முப்பது நாற்பது வருட ஜி.ஐ. (நாகப் பூச்சுள்ள இரும்பு) குழாயை அறுத்துப் பார்த்தால் துரு படிந்து உள்ளே விரல்கூட நுழையாது. ஏரியா அலுவலகத்தில் அனுமதி வாங்கி எம்.டி.பி.இ. (துருப்பிடிக்காத பிளாஸ்டிக்) குழாயாக மாற்றினாலே பல இடங்களில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பால் வால்வைக் கழற்றும்போதே ஓட்டம் கூடியது தெரிந்தால் வால்வு மட்டும்தான் காரணம். அழுத்தம் குறைந்த லைனுக்குச் சின்னத் துளை வால்வு ஆகாது. சம்புக்குள் குழாய் இறங்கும் இடம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தரைமட்டத்துக்கு மேலே ஏற்றி வளைத்து இறக்கியிருந்தால் அதையும் திருத்துங்கள்.

கேள்வி: மழை பெய்தால் எங்கள் தரைத்தள பாத்ரூமில் சாக்கடை பொங்குது. குடிநீர் வாரிய வண்டி வந்து அடைப்பு எடுக்கிறாங்க. அடுத்த மழையில் மறுபடியும் அதே கதை. அம்மாவுக்கு 78 வயசு, மாடி ஏற முடியாது.

மழைக்கு மட்டும் பொங்கினால் அதை அடைப்பு என்று சொல்ல முடியாது. சாக்கடைக் குழாய்க்குள் எங்கோ மழைநீர் இறங்குகிறது. உங்கள் மொட்டை மாடிக் குழாயாகவே இருக்கலாம். வெயில் நாளில் இரண்டு பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து, ஒவ்வொரு மழைநீர்க் குழாயிலும் தனித்தனியே ஊற்றுங்கள். கீழே ஒருவர் சேம்பர் (சாக்கடைக் குழாய்கள் சேரும் தொட்டி) மூடிகளைத் திறந்து வைத்துப் பார்க்கட்டும். எந்தச் சேம்பரில் நீலம் வந்தாலும் அந்தக் குழாயைப் பிரித்து, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு கிணற்றுக்குத் திருப்பிவிட வேண்டும். பழைய பிளாக்குகளில் பிளம்பர் வேலையைச் சுருக்க இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டுப் போயிருப்பார்.

அடுத்தது மட்டம். மேஸ்திரி வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய லெவல் டியூப்பால் உங்கள் பாத்ரூம் டிராப்பின் (தரையில் தண்ணீர் இறங்கும் வாயின்) மட்டத்தையும் தெரு மேன்ஹோல் மூடியின் மட்டத்தையும் ஒப்பிடுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் பல தெருக்கள் வீட்டைவிட உயர்ந்துவிட்டன. மூடியைவிட டிராப் தாழ்ந்திருந்தால், தெரு லைன் நிரம்பும்போது சாக்கடை வெளிவரும் முதல் இடம் உங்கள் பாத்ரூம்தான்.

இதற்குக் கடைசிச் சேம்பரில், தெருச் சாக்கடை திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுவார்கள். போடலாம், ஆனால் அதைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று உண்டு. வால்வு மூடியிருக்கும்போது மேல் மாடித் தண்ணீருக்கும் வழியில்லை, அது உங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே திரும்பும். கனமழை நேரத்தில் யாரும் வாஷிங் மெஷின் போடக் கூடாது என்று எல்லா வீட்டுக்கும் சொல்லி வையுங்கள். வால்வின் நாக்கில் முடியும் நாப்கினும் சிக்கினால் அது மூடவே மூடாது, ஆகவே மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். நிரந்தரத் தீர்வு பாத்ரூம் தரையை உயர்த்துவதுதான். அம்மா இருப்பதால் படி வைக்காமல் சரிவாக ஏற்றி, கைப்பிடியும் பொருத்துங்கள்.

வெயில் காலத்திலும் பொங்குகிறது என்றால் வேர்களைச் சந்தேகப்படுங்கள். பழைய பீங்கான் குழாய் மூட்டுகளில் வாசல் மரத்தின் வேர் நுழைந்து துடைப்பம்போல விரிந்திருக்கும். குச்சி விட்டுக் குத்தினால் தண்ணீர் போகும், வேர் அங்கேயேதான் இருக்கும். அந்தத் துண்டைத் தோண்டி பி.வி.சி.யாக மாற்ற வேண்டும். 110 மி.மீ. குழாய்க்கு 60 அடிக்கு ஓர் அடி சரிவு கொடுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் சேம்பருக்குள் ஆளை இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. விஷவாயுவில் ஓர் உயிர் போனால் இறக்கிய சங்கத்தின் மீதுதான் வழக்கு வரும்.

கேள்வி: வீட்டுவசதி வாரியம் 1980களில் கட்டிய ஃப்ளாட். பெட்ரூம் சீலிங் பூச்சு விழுந்து கம்பி தெரியுது. மேஸ்திரி ரெண்டு மூட்டை சிமெண்ட்டில் பூசிடலாம்கிறார். செய்யலாமா?

அப்படிப் பூசினால் இரண்டு மழைக்காலத்தில் இன்னும் பெரிய துண்டாக விழும். கம்பி துருப்பிடிக்கும்போது பருக்கிறது, பருத்துக் காங்கிரீட்டைத் தள்ளுகிறது. துருவை உள்ளே வைத்து மேலே பூசுவது தண்டச் செலவு.

முதலில் மேல் வீட்டுக்குப் போங்கள். உங்கள் சீலிங்குக்கு மேலே அவர்கள் பாத்ரூமா, பால்கனியா, மொட்டை மாடியா என்று பாருங்கள். கசிவை நிறுத்தாமல் கீழே எது செய்தாலும் வீண். பிறகு சின்னச் சுத்தியலால் சீலிங் முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணகணவென்றால் நல்லது, டொப்டொப்பென்றால் உள்ளே பிரிந்துவிட்டது. பிரிந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டால்தான் வேலையின் அளவு தெரியும்.

உடைக்கும் முன் முட்டுக் கொடுக்க வேண்டும். கம்பியின் முன்பக்கம் மட்டும் உடைத்தால் போதாது, பின்னால் விரல் போகுமளவு எடுத்து, கம்பி பளிச்சென்று தெரியும்வரை வயர் பிரஷ் போடணும். கம்பி கால் பங்குக்கு மேல் மெலிந்திருந்தால் கூடவே புதுக் கம்பி கட்ட வேண்டும், அதை ஓர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்வது நல்லது. பிறகு ஜிங்க் பிரைமர், பழைய காங்கிரீட்டில் ஒட்டுப்பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த கலவை. ஒரே தடவையில் மொத்தமாக அப்பாமல் 10 மி.மீ. அளவுக்குப் படிப்படியாக ஏற்றுங்கள். ஏழு நாள் ஈரம் காயக் கூடாது. மேஸ்திரிகள் கைவிடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

கேள்வி: பன்னிரண்டு ஃப்ளாட், நாலு கிரவுண்ட். பில்டர் ஒருவர் இடித்துக் கட்டித் தருகிறேன், ஒவ்வொருவருக்கும் இப்போதிருக்கும் 750 சதுர அடியைப் போல ஒன்றரை மடங்கு என்கிறார். மூன்று பேர் சம்மதிக்கவில்லை. என்ன செய்வது?

2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். உங்களில் ஒன்பது பேர் இருக்கிறீர்கள், எண்ணிக்கை போதும். இருந்தாலும் அந்த மூவரை எதிரியாக நினைக்காதீர்கள். பெரும்பாலும் வயதானவர்களாக இருப்பார்கள், இரண்டு வருடம் எங்கே போவது என்பதுதான் அவர்கள் கவலை. அதற்குப் பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

பில்டர் சொல்லும் கணக்கைச் சரிபாருங்கள். நாலு கிரவுண்ட் 9,600 சதுர அடி. சாதாரண எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்றால் 19,200 சதுர அடி கட்டலாம். பில்டரும் நீங்களும் பாதிக்குப் பாதி என்றால் உங்களுக்கு 9,600, ஆளுக்கு 800. இதில் ஒன்றரை மடங்கு வராது. கட்டணம் கட்டிக் கூடுதலாகப் பெறும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கினால்தான் வரும். அது தெரு அகலத்தைப் பொறுத்து 30 முதல் 50 சதவீதம். 40 சதவீதம் கிடைத்தால் 26,880, அதில் பாதி 13,440, ஆளுக்கு 1,120. இப்போதுதான் அவர் சொல்வது பொருந்துகிறது. ஆகவே கேட்க வேண்டியது: தெருவின் அகலம் அரசுப் பதிவில் எவ்வளவு? பிரீமியம் கட்டணம் யார் கட்டுவது? கிடைக்காவிட்டால் எங்கள் பங்கு என்ன? இந்த 1,120இல் பொது இடமும் சேர்ந்திருக்கும். ஒப்பந்தத்தில் கார்ப்பெட் ஏரியாவை (வீட்டுக்குள் பயன்படும் பரப்பை) எழுதச் சொல்லுங்கள்.

முழு யு.டி.எஸ்.ஸுக்கும் (மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்குக்கும்) பவர் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். பில்டரின் பங்குக்கு மட்டும், அதையும் கட்டடம் எழ எழத் தவணையாகக் கொடுங்கள். வீடு கைக்கு வரும்வரை வாடகை, தாமதமானால் கூடுதல் வாடகை, இரண்டுக்கும் வங்கி உத்தரவாதம் வேண்டும். மனை 500 சதுர மீட்டருக்கு மேல் என்பதால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். மெட்ரோ சுரங்கத்தை ஒட்டிய மனை என்றால் மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் கேளுங்கள், அது தாமதமானால் எல்லாமே தள்ளிப்போகும்.

கேள்வி: பிளாக்கில் மழைநீர்த் தொட்டி இருக்கு, ஆனா மழை பெஞ்சா அது நிரம்பி வாசலுக்கு வழியுது. போர் தண்ணியும் ஏறலை.

2003இல் கட்டாயமாக்கியபோது அவசரத்தில் ஜல்லியும் மணலும் கொட்டி மூடிய குழியாக இருக்கும். அது எப்போதோ சேறு அடைத்திருக்கும். ஜல்லியை எடுத்துவிட்டு உறிஞ்சு கிணறாக மாற்றுங்கள். 3 அடி விட்டத்தில் ஓட்டை போட்ட சிமெண்ட் உறை, 15 அடி ஆழம், உள்ளே காலி, மேலே கனமான மூடி. களிமண் தாண்டி மணல் வரும்வரை இறக்க வேண்டும். களியிலேயே நின்றால் தண்ணீர் இறங்காது. கிணற்றுக்கு முன் இரண்டடிக்கு இரண்டடி சேறு பிடிக்கும் தொட்டி ஒன்று, அதன் வெளிக்குழாய் அடியிலிருந்து ஓர் அடி உயரத்தில். வருடந்தோறும் செப்டம்பரில் வாரிவிடுங்கள்.

1,600 சதுர அடி மாடியில் வருடத்துக்கு 1,400 மி.மீ. மழையில் எண்பது சதவீதம் பிடித்தாலே சுமார் 1,66,500 லிட்டர். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் ஏறக்குறைய பதினாலு லோடு.

கேள்வி: பொது மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் ஈ.பி. பில் அதிகமா வருது. ஆறு வீடு, ரெண்டு மாடி.

லிஃப்ட் இருக்கிறதா? இல்லை என்றால், பத்து வீட்டுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மிகாத பிளாக்குகளுக்கு 2023 நவம்பரிலிருந்து குறைந்த கட்டணம் உண்டு. அப்போது யூனிட்டுக்கு 8 ரூபாய் 15 காசு என்பது 5 ரூபாய் 50 காசு ஆனது. பில்லில் எந்தக் கட்டணப் பிரிவு என்று பாருங்கள். மாறாமல் இருந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: சொத்துவரியை எப்போ கட்டினா தள்ளுபடி?

ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீத வட்டி. குடிநீர், கழிவுநீர் வரி இதில் சேராது, குடிநீர் வாரியத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

கேள்வி: மெட்ரோவுக்குப் போறவங்க காலையில எங்க கேட் முன்னாடி பைக்கை நிறுத்திட்டுப் போயிடறாங்க. பூந்தொட்டி வெச்சுத் தடுக்கலாமா அண்ணா?

தொட்டி, கல், சங்கிலி எதுவும் வேண்டாம், தெரு உங்களுடையதில்லை. மாநகராட்சி எடுத்துப்போனால் கேட்க முடியாது. நீங்களே மாட்டும் ‘நோ பார்க்கிங்’ பலகைக்கும் சட்டப் பலம் இல்லை. ஆனால் கேட்டை மறித்து நிறுத்துவது குற்றம். வண்டி எண் தெரியப் படமெடுத்துப் போக்குவரத்துக் காவலுக்கு அனுப்பலாம். தெருவில் பலர் சேர்ந்து புகார் எழுதினால் அதிகாரபூர்வப் பலகையே கேட்டு வாங்கலாம். அப்படியே உங்கள் கார் ஏறும் சரிவுமேடை மழைநீர் வடிகாலின் வாயை மூடியிருக்கிறதா என்று ஒருதரம் குனிந்து பாருங்கள். மூடியிருந்தால் உடைத்துத் திருத்திவிட்டுப் புகாருக்குப் போங்கள்.