280 டாலர் ரைஃபிள்: வாங்கலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்கள் மான் வேட்டைக்கு அழைக்கிறார்கள். ஒருவர் தன்னுடைய பழைய சாவேஜ் ஆக்சிஸ் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை (.308 தோட்டா) ஸ்கோப்புடன் (குறிபார்க்கும் தொலைநோக்கி) 280 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர், “விசாக்காரர் வாங்க முடியாது, என் பெயரில் வாங்கித் தருகிறேன்” என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், ஹாரிஸ்பர்க்

பதில்: இரண்டாவது நண்பரின் யோசனையை இன்றே கைவிடுங்கள். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வாங்கத் தகுதியில்லாத ஒருவருக்காகத் துப்பாக்கி வாங்குவது கூட்டாட்சிக் குற்றம். 2022-ல் வந்த சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை.

விசாவில் இருப்பவர் பொதுவாக வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமம் எடுங்கள். பென்சில்வேனியா உரிமம் ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று முடிந்துவிடும். ரைஃபிளோ அலமாரியில் அப்படியே இருக்கும். உரிமம் இல்லாத நாளில் அதை வைத்திருப்பதே உங்களுக்குக் குற்றமாகிவிடும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். கைமாற்றத்தையும் ஒரு துப்பாக்கிக் கடை வழியாகவே செய்யுங்கள்: வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம், பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் முறையாக நடக்கும். குடிவரவு வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி ரைஃபிள். நான் வாங்கிய முதல் பழைய ரைஃபிள் .30-06 தோட்டாவுக்கானது. தோளில் தாங்கும் கட்டையில் ஒரு கீறல் கிடையாது. நூறு கெஜத்தில் சுட்டால் ஐந்து குண்டுகளும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. ஸ்கோப்பை மாற்றினேன், தோட்டாவை மாற்றினேன், ஒரு பருவமே போயிற்று. அந்தப் பருவத்தில் நான் சுட்ட பெண்மான் ஒன்று காயத்தோடு ஓடியது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. கோளாறு குழல்வாயின் விளிம்பில், கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னப் பிசிறில் இருந்தது.

ஆகவே காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் கைப்பிடித் தண்டு) கழற்றிய பிறகு, குழல்வாயின் உள்விளிம்பில் பஞ்சை மெல்லச் சுற்றுங்கள். இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. பிறகு பின்பக்கமிருந்து விளக்கடித்துக் குழலுக்குள் பாருங்கள். குண்டைச் சுழலவைக்கும் சுருள் புரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். கறுப்பு அழுக்கைத் துடைத்துவிடலாம். துரு அரித்த குழியை ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது பாதுகாப்புப் பூட்டு, அதாவது டிரிகரை இழுத்தாலும் சுடாமல் தடுக்கும் பொத்தான். போல்ட்டை மாட்டி, அறை காலிதானா என்று மறுபடியும் பாருங்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, போல்ட்டை மூடிப் பூட்டைப் போட்டு டிரிகரை இழுத்துவிடுங்கள். விரலை எடுத்த பிறகு பூட்டைத் திறங்கள். அந்த நொடியில் ‘டிக்’கென்று தோட்டாவைத் தட்டும் ஊசி விழுந்தால், இனாமாகக் கொடுத்தாலும் அந்த ரைஃபிள் வேண்டாம். எந்த நிறுவனத்தின் ரைஃபிளையும் இப்படிச் சோதிக்க வேண்டும். பெரிய பெயர் பெற்ற ரெமிங்டன் 700-லேயே, 2006 முதல் 2014 வரை வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகர்களை அந்த நிறுவனம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஆக்சிஸ் பார்வைக்குச் சாதாரணம், பிளாஸ்டிக் கட்டை. ஆனால் குழல் நன்றாக இருந்தால் குறி தப்பாது, மானுக்கு .308 தாராளம். டிரிகரின் நடுவில் மெல்லிய தகடு தெரிந்தால் அது இழுக்க இலகுவான அக்யூடிரிகர், 280 நியாயமான விலை. தகடு இல்லையென்றால் இழுக்கக் கனமான பழைய டிரிகர், 250-க்குக் கேளுங்கள். புதியதே 500 டாலருக்குள் கிடைக்கும்போது அதற்கு மேல் தர வேண்டியதில்லை. ரைஃபிளின் அடியில் மாட்டும் தோட்டாப் பெட்டியை (மேகசின்) பலமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள், அதன் பிளாஸ்டிக் கொக்கி தேய்ந்திருக்கலாம்.

மிச்சப் பணத்தில் மூன்று பெட்டித் தோட்டா வாங்கி, பருவம் தொடங்குமுன் மணல்மூட்டையில் தாங்கிச் சுட்டுப் பழகுங்கள். தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சிடும் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்பது பென்சில்வேனியாவில் விதி. அந்த நிறத்தில் தொப்பியும் மேலங்கியும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.