சிறு நிலம், கோழி, கூடை: சில கேள்விகளும் பதில்களும்

பதினான்கு ஆண்டுகளாகச் சிறு நிலம் ஒன்றில் கோழி வளர்த்து வருகிறேன். மீதிப் பொழுதில் மூங்கில் கூடை முடைகிறேன். என்னிடம் அண்மையில் வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். கோழியைப் பற்றிக் கேட்டவர்களில் பாதிப்பேருக்கும், கைவேலையைப் பற்றிக் கேட்டவர்களில் பலருக்கும் இடையூறு ஒன்றாகவே இருப்பதைக் கண்டேன். அது ஈரம். ஆகவே அந்தச் சொல் பல இடங்களில் திரும்ப வரும்.

கேள்வி: அம்மா, எங்களிடம் ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம்தான் இருக்கிறது. எத்தனை கோழிகளோடு தொடங்கலாம்?

ஆறு முதல் பத்து வரை போதும். நிலத்தின் அளவைக் கொண்டு கோழிகளின் எண்ணிக்கையை முடிவு செய்வது புதியவர்கள் செய்யும் தவறு. கொட்டகையின் அளவும், தினமும் அதைக் கவனிக்கக்கூடிய உங்கள் நேரமும்தான் அதை முடிவு செய்ய வேண்டும். கொட்டகைக்குள் ஒரு கோழிக்கு நான்கு சதுர அடி இடமும், இரவில் ஏறி அமரும் கழியில் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளமும், நான்கைந்து கோழிகளுக்கு ஒரு முட்டைப் பெட்டியும் வேண்டும். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீவனம் தின்னும். ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு தண்ணீர் குடிக்கும். மேய்ச்சலிடத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் கோழிகள் இருக்கும்போது மற்ற இரண்டும் ஓய்வெடுக்கும்படி மாற்றிக்கொண்டே வாருங்கள். ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் கோழிகள் கிளறினால், முதலில் புல் போகும். அடுத்து மண் சேறாகும். அதன் பிறகு நோய் வரும்.

கேள்வி: நான்கு வாரக் குஞ்சுகள் சோர்ந்து, சிறகைத் தொங்கவிட்டு, இரத்தம் கலந்து கழிகின்றன. இரண்டு இறந்துவிட்டன. தீவனத்தை மாற்ற வேண்டுமா?

தீவனத்தை மாற்றுவதால் பயன் இராது. இந்த வயதில் இந்த அறிகுறிகள் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரத்தக்கழிச்சல் நோய். புதிய எச்சத்தை இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று காட்டி, அவர் சொல்லும் மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுங்கள்; ஒரு நாள் தாமதித்தாலும் இன்னும் சில குஞ்சுகளை இழக்க நேரிடும்.

மருந்து நோயை நிறுத்தும். நோய் வந்த வழியை அடைக்காது. இந்த நோயின் கிருமி எச்சத்தோடு வெளியேறும்போதே தொற்றும் நிலையில் இருப்பதில்லை. வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் முதிர்ந்து, அதைக் கொத்தித் தின்னும் அடுத்த குஞ்சின் குடலைத் தாக்கும் வலிமையைப் பெறுகிறது. கொட்டகைத் தரையில் பரப்பும் கூளம் காய்ந்திருந்தால், அதில் அது பெரும்பாலும் முதிராமலே போய்விடுகிறது. நான் வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், தண்ணீர்த் தட்டு கவிழ்ந்து ஒரு மூலை நனைந்திருந்ததை 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டேன். அப்படியே மூன்று காலைகள் கழிந்தன. அந்த மாதம் பதினொரு குஞ்சுகளைப் புதைத்தேன். இன்றுவரை அந்த மூலையை நினைக்காமல் நான் தண்ணீர்த் தட்டை வைப்பதில்லை.

ஆகவே உமியோ மரத்தூளோ பரப்பிய கூளத்தை ஒவ்வொரு மாலையும் கையால் சோதியுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுந்திருக்கிறது. மெல்ல உதிர்ந்தால் சரியாக இருக்கிறது. பிடிபடாமல் தூசியாகப் பறந்தால் மிகவும் காய்ந்திருக்கிறது, அது மூச்சுக்குழலுக்குக் கேடு. அத்துடன் குஞ்சின் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நிற்கும்போது தெரியாத அம்மோனியா நெடி அங்கே கண்ணைக் கரிக்கும். குஞ்சுகள் நாள் முழுவதும் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். தண்ணீர்த் தட்டைக் கம்பி வலை அடித்த சட்டத்தின்மேல், குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். சிந்துவது வலைக்குக் கீழே போய்விடும்.

கேள்வி: முட்டை ஓடு மெல்லியதாக இருக்கிறது, சில முட்டைகள் தோலோடு மட்டும் வருகின்றன. என்ன செய்யலாம்?

ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. அந்த நேரத்தில் கோழி எதையும் தின்பதில்லை. எனவே மாலையில் பெருமணலளவு உடைத்த கிளிஞ்சலைத் தனித் தட்டில் வையுங்கள். பருமனான துகள் இரைப்பையில் தங்கி, இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும். மாவாக அரைத்தது விரைவில் கடந்துபோய்விடும். தீவனத்தோடு கலக்க வேண்டாம். தேவைப்படும் கோழி தானே எடுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டு முட்டை ஓடுகளைக் கொடுப்பதானால் வறுத்து, உருவம் தெரியாதபடி நொறுக்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் முட்டையைக் கொத்தும் பழக்கம் வந்துவிடக்கூடும். கடும் வெயில் காலத்திலும், கோழிக்கு வயதாகும்போதும் ஓடு மெலிவது இயல்பே.

கேள்வி: சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுமா?

இடும். குஞ்சு வேண்டுமென்றால்தான் சேவல் தேவை. எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும்.

கேள்வி: குஞ்சு பொரிப்பானில் பன்னிரண்டு முட்டைகள் வைத்தேன், ஐந்துதான் பொரித்தன. மற்றவையெல்லாம் கூமுட்டைகளா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பொரிக்காதவற்றை உடைத்துப் பாருங்கள். அருவருப்பான வேலைதான், ஆனால் அதைப்போல் தெளிவான பாடம் வேறில்லை. உள்ளே ஒன்றுமே வளர்ந்திராவிட்டால் அது கூமுட்டை. இரத்த வளையம் மட்டும் இருந்தால் தொடக்க நாட்களில் கரு இறந்திருக்கிறது. முட்டையை நெடுநாள் வைத்திருந்ததோ வெப்பம் ஏறி இறங்கியதோ காரணமாகலாம். முழுக் குஞ்சு உருவாகி ஓட்டைக் கொத்தாமல் இறந்திருந்தால் கடைசி நாட்களின் ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் சோதிக்க வேண்டும்.

கோழி முட்டைக்கு 21 நாள். விசிறி உள்ள பொரிப்பானில் வெப்பம் 37.5 டிகிரி. பதினெட்டாம் நாள் வரை ஒரு நாளில் பலமுறை முட்டைகளைத் திருப்பிவிட்டு, அதன் பிறகு தொடாதீர்கள். ஈரப்பதம் முதலில் 50 சதவீதத்தை ஒட்டியும், கடைசி மூன்று நாட்களில் 65க்கு மேலும் இருக்க வேண்டும். கொட்டகையில் பகையாகிய ஈரம் இங்கே அளவோடு வேண்டியதாகிறது: முட்டை முதல் பதினெட்டு நாட்களில் தன் எடையில் எட்டில் ஒரு பங்கை நீராவியாக இழக்க வேண்டும், கடைசியில் உள் சவ்வு காய்ந்து குஞ்சைக் கட்டிப்போடாதிருக்க வேண்டும்.

ஏழாம் நாள் இரவில், இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையைக் கைவிளக்கின்மேல் வைத்துப் பாருங்கள். உயிருள்ள முட்டையில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தி வலைபோல் பரவும் சிவந்த இரத்தக் குழாய்களும் தெரியும்; சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி அசையும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது பழகிப்போனதில்லை. ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் அந்த முட்டையை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் முடைந்த மூங்கில் கூடையின் அடியில் மஞ்சள் மாவு உதிர்கிறது. ஆறு மாதம்கூட ஆகவில்லை.

மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தின்னும் சிறு வண்டு துளைத்துவிட்டது. கூடையைக் காப்பாற்றுவது கடினம். அடுத்த மூங்கிலையாவது காப்பாற்றுங்கள். இளங்கழியில் ஈரம் மிகுதி. மூன்று வயதைக் கடந்த கழியை மட்டும், வளர்ச்சி ஓய்ந்திருக்கும் பருவத்தில் வெட்டுங்கள். வெட்டிய கழியை நீரில் முழுகவிட்டு, நான்கு வாரம் வரை ஊற வைத்தால் மாவுச்சத்து கரைந்து வெளியேறும். நாற்றம் எடுக்கும், அதற்காகப் பாதியில் எடுத்துவிடாதீர்கள். பிறகு நிழலில், காற்றோட்டமாக நிறுத்தி உலர்த்துங்கள். நேர் வெயிலில் போட்டால் வெடிக்கும்.

கேள்வி: மூங்கிலைப் பத்தையாக (மெல்லிய கீற்றாக) வகிரும்போது பிளவு ஒரு பக்கமாகவே ஓடிவிடுகிறது. கத்தியின் குறையா?

கத்தியைக் குறை சொல்ல வேண்டாம். பிளவு எப்போதும் மெலிந்த பக்கத்தை நோக்கியே ஓடும். அப்படி ஓடத் தொடங்கியதைக் கண்டவுடன் கத்தியை அழுத்துவதை நிறுத்திவிட்டு, தடித்த பாதியைக் கையால் நன்றாக வளையுங்கள். மெலிந்த பாதியை நேராக வைத்துக்கொள்ளுங்கள். பிளவு மெல்ல நடுவுக்குத் திரும்பும். கணுவைக் கடக்கும் இடத்தில் மட்டும் கத்தியைத் திருகிக் கொடுங்கள். இதைச் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட ஐம்பது பத்தைகளை வீணாக்கித் தெரிந்துகொள்வது விரைவு. வீணானவற்றை எறிய வேண்டாம். முட்டைப் பெட்டியின் அடித்தட்டுக்கு அவை நன்றாக உதவும்.

கேள்வி: முட்டைகளைக் கழுவி வைக்கலாமா?

சுத்தமாக இருப்பவற்றைக் கழுவாதீர்கள். ஓட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலம் ஒன்று இருக்கிறது. கழுவினால் அது போய்விடும். அழுக்கானதை உலர்ந்த துணியால் துடையுங்கள். கழுவியே ஆகவேண்டுமென்றால் முட்டையைவிட வெதுவெதுப்பான நீரில் கழுவி உடனே பயன்படுத்துங்கள். குளிர்ந்த நீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, வெளியழுக்கை நுண்துளைகள் வழியே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: வெங்காயத் தோலில் பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்றினேன். இரண்டு சலவையில் வெளுத்துவிட்டது.

சாயத்தை நூலில் பிடித்து வைப்பது படிகாரம். கம்பளி அதை எளிதாகப் பற்றிக்கொள்ளும், பருத்தி அப்படியல்ல. முதலில் நூலைச் சோடா உப்புக் கரைத்த நீரில் கொதிக்கவைத்து மெழுகை நீக்குங்கள். பிறகு கடுக்காய்ச் சாற்றில் ஓர் இரவு ஊறவிடுங்கள். அதன் துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்து வைக்கும். அடுத்து, படிகார நீரில் ஊறவிட்டு, அதன் பிறகே சாயத்துக்குள் இறக்குங்கள். மஞ்சள் கிழங்கின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். எதைச் சேர்த்தாலும் அது வெயிலில் வெளுக்கும்.

கேள்வி: கோழிகள் இறகுதிர்க்கும்போது கிடைக்கும் இறகுகளை அலங்கார வேலைக்குப் பயன்படுத்தலாமா?

நோயின்றி இருந்த கோழிகளின் இறகுகளாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். உறையில் கட்டி உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) சில நாட்கள் வைத்தால் பேனும் செள்ளும் இறக்கும். பிறகு மென்மையான சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் அலசி, நடுத்தண்டோடு ஒட்டாமல் விரித்து உலர்த்துங்கள். அரைகுறையாகக் காய்ந்ததைப் பெட்டியில் மூடினால் மூன்றே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். காட்டுப் பறவைகளின் இறகு தரையில் கிடந்தாலும் எடுக்க வேண்டாம்; பல நாடுகளில் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.