முதலில் மேல் பிளக்: வாகனக் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் 2021 மாடல் ஃபோர் பை ஃபோர் மஹிந்திரா தார் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நானே மாற்றலாமா? எஞ்சின் ஆயில் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.
– வாசகர், வேளச்சேரி

பதில்: தாராளமாக மாற்றலாம், தம்பி. எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். எஞ்சின் ஆயில் மாற்றிய கைக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் எஞ்சினுக்கு மேலே மூடி உண்டு, அளவு பார்க்க டிப் ஸ்டிக் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இரண்டும் கிடையாது. பெட்டியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பிளக்தான். மேலே இருப்பது ஊற்ற, கீழே இருப்பது வடிக்க. மேல் பிளக் கழன்று கைக்கு வந்த பிறகுதான் கீழ் பிளக்கில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1991-ல் அம்பத்தூர் ஷெட்டில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, ஒரு ஜிப்ஸியில் கீழ் பிளக்கை முதலில் திறந்து ஆயில் முழுவதையும் வடித்துவிட்டேன். மேல் பிளக் துருவேறி அசையவே இல்லை. அழுத்திய அழுத்தில் அதன் முகம் தேய்ந்து வழுக்கிவிட்டது. அன்று மாலை கும்மிடிப்பூண்டி போக வேண்டியவர், ஆயில் இல்லாத வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிளக் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, அந்தச் சூட்டில் இளகியதும் சுழற்றி எடுத்தார் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு எந்த வண்டிக்கு அடியில் படுத்தாலும் என் கை மேல் பிளக்குக்குத்தான் முதலில் போகும். அது கழலாவிட்டால் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஓர் இரவு விடுங்கள். உள்ளே பழைய ஆயில் இருக்கும்வரை வண்டி ஓடும்.

அடுத்தது தரை. மேல் துளையின் கீழ் விளிம்புவரை ஆயில் நிற்பதுதான் சரியான அளவு. வண்டி சாய்ந்திருந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும். நம் ஊர் அபார்ட்மென்ட்டுகளில், கழுவிய தண்ணீர் ஓடட்டும் என்று பார்க்கிங் தரையைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். கொத்தனார் ரசமட்டம் ஒன்று வாங்கி வைத்துப் பாருங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஜாக்கியில் தூக்காதீர்கள். உங்கள் வண்டிக்கு அடியில் ஜாக்கி இல்லாமலே படுத்து நுழைய இடம் இருக்கிறது.

ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். டிரான்ஸ்ஃபர் லீவர், இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹெச் (2H) நிலையில் இருக்கட்டும். அது நியூட்ரலில் இருந்தால், கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும். ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘பி’ போட்டிருந்தாலும் அப்படித்தான். இதைப் பலர் கவனிப்பதில்லை. அடியில் படுத்திருப்பவருக்கு இது உயிர் விஷயம்.

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து வடியுங்கள். சூட்டில் ஆயில் இளகி, அடியில் தங்கிய பொடியையும் சேர்த்துக்கொண்டு வரும். பக்கத்திலேயே சைலன்சர் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும், முழங்கை பத்திரம். கியர்பாக்ஸ் பிளக் எது, டிரான்ஸ்ஃபர் கேஸ் பிளக் எது என்று மேனுவல் படத்தை வைத்து இரண்டு முறை பாருங்கள். கியர்பாக்ஸை வடித்துவிட்டு டிரான்ஸ்ஃபர் கேஸில் ஊற்றியவர்களை எனக்குத் தெரியும்.

புது ஆயிலை ஊற்ற, பாட்டில் அந்த இடத்துக்குள் நுழையாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் ட்யூப் இரண்டு மீட்டர், ஒரு புனல், மேலிருந்து ஊற்ற ஓர் ஆள். அது போதும். கைப்பம்பு இருந்தால் ஆள்கூட வேண்டாம். துளை விளிம்பில் ஆயில் வழிந்து, சொட்டு நின்றதும் மூடுங்கள். இரண்டு பிளக்குக்கும் புது வாஷர் போடுங்கள். பெட்டி பெரும்பாலும் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். மேனுவலில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. வடித்த ஆயிலைப் பார்க்காமல் கேனில் ஊற்றிவிடாதீர்கள். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் விட்டு வெயிலில் பாருங்கள். வடிக்கும் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி பொடி ஒட்டியிருக்கும், அது இயல்பு. விரலில் குத்துகிற சில்லு வந்தால் உள்ளே செயினோ பல்சக்கரமோ பேரிங்கோ உடைகிறது. கருகிய வாடை வந்தால் ஆயில் சூட்டில் வெந்திருக்கிறது. நீங்களே மாற்றுவதில் மிச்சமாகும் பணத்தைவிட, உங்கள் வண்டி ஆயிலை உங்கள் கண்ணாலேயே பார்ப்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் ஃபோர் பை ஃபோர் வண்டி கதவு உயரத் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் ஆயில், கியர் ஆயில் மாற்றித் தந்தார்கள். இப்போது வேகம் கூடக்கூட அடியில் ‘உம்ம்’ என்று சத்தம். டிரான்ஸ்ஃபர் கேஸைத் தொட்டார்களா என்று பில்லில் இல்லை.
– வாசகர், முடிச்சூர்

பதில்: படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. பில்லில் இல்லையென்றால் தொடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் சூடானால் உள்காற்று வெளியேற ஒரு பிரீதர் குழாய் உண்டு. அதன் வாய் மூழ்கினால் தண்ணீர் அதன் வழியே உள்ளே போகும். ஷாஃப்ட் வெளிவரும் இடத்து ஆயில் சீல், உள்ளிருக்கும் ஆயிலை வெளியே விடாமல் தடுக்கச் செய்தது. இரண்டு நாள் தேங்கிய வெள்ளத்தை அது தடுக்கும் என்று நம்ப முடியாது. ஓடி வந்த சூட்டோடு வண்டி தண்ணீரில் இறங்கினால் இன்னும் மோசம். பெட்டி சட்டென்று குளிர்ந்து, உள்காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு என் ஷெட்டுக்கு வந்த வண்டிகளில் பால் கலந்த டீ நிறத்தில் வடிந்த ஆயிலை நிறையப் பார்த்தேன்.

நாளைக்கே வடித்துப் பாருங்கள். டீ நிறமாக இருந்தால், அதே வகை ஆயிலை ஊற்றி நாலைந்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதைச் செய்யுங்கள். பிரீதர் குழாயில் சேறு அடைத்திருந்தால் ஊதி எடுங்கள். சக்கர அச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியல், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டையும் அன்றைக்கே திறந்து பார்த்துவிடுங்கள்.

ஆனால் சத்தம் வந்துவிட்டது என்கிறீர்கள். பேரிங்கில் துரு விழுந்து குழி ஆகியிருந்தால் எந்த ஆயிலும் அதைச் சரிசெய்யாது. ஆயில் மாற்றியும் சத்தம் தொடர்ந்தால், நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று உறுதியானால் பிரித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் பேரிங் செலவு பல்சக்கரச் செலவாகிவிடும்.

கேள்வி: ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்காரர், ‘எல்லா கியர் ஆயிலும் ஒண்ணுதாம்மா’ என்று சொல்லி ஒரு டின் கொடுத்தார். டிரான்ஸ்ஃபர் கேஸில் ஊற்றலாமா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: ஊற்றாதீர்கள், அம்மா. மேனுவலைத் திறக்கும்வரை டின்னின் சீலை உடைக்கவே வேண்டாம். சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். என்ற மெல்லிய ஆயில்தான். சிலவற்றுக்கு 75டபிள்யூ-90 போன்ற கெட்டியான கியர் ஆயில். இன்னும் சிலவற்றுக்குக் கம்பெனி தனியாகத் தயாரித்த ஆயில். மெல்லியது கேட்கும் பெட்டியில் கெட்டியானது போனால் உள்ளே இருக்கும் பம்பும் கிளட்சும் திணறும். கெட்டியானது கேட்கும் பற்களுக்கு நடுவே மெல்லியது நிற்காது. கியர் ஆயில் டின்னில் ஜி.எல்-4, ஜி.எல்-5 என்ற தரக் குறியையும் பாருங்கள். ஜி.எல்-5-ல் உள்ள கந்தகச் சேர்மானம் சில பெட்டிகளின் பித்தளை ரிங்குகளை அரிக்கும். மேனுவல் சொல்லும் ஆயில் வகையைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். பில்லோடு சீல் உடையாமல் போனால் மாற்றித் தர வாய்ப்புண்டு.

கேள்வி: எங்கள் எஸ்.யு.வி.யில் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தேடித் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை.
– வாசகர், அண்ணா நகர்

பதில்: முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டி என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதில் அது கிடையாது. இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் எந்த வண்டிக்கும் அது தேவையில்லை.

கேள்வி: வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றலாமா என்று வாட்ச்மேன் கேட்கிறார்.
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: ஒரு சொட்டுகூடக் கூடாது. உங்கள் பக்கத்து மழைநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் போகிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம் அது. பழைய ஆயில் 2016 விதிகளின்படி அபாயகரமான கழிவு. புது ஆயில் வந்த டின்னிலேயே ஊற்றி மூடி, கழிவு ஆயிலைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். தரையில் சிந்தியதை மரத்தூள் போட்டு அள்ளுங்கள். துடைத்த பனியன் வேஸ்ட்டை வீட்டுக் குப்பையில் போடாமல் டின்னோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.