இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கறுப்பு வெள்ளைப் படம் உண்மையிலேயே பிடிக்கிறதா, இல்லை பிடித்த மாதிரி காட்டிக்கொள்கிறார்களா?

"காட்டிக்கொள்கிறார்களா" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கு வயது 23. இரண்டு வருடமாகப் பழைய தமிழ்ப் படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூடப் படித்தவர்களே "சும்மா பந்தா பண்ணாதே" என்று சொல்லியிருக்கிறார்கள். நிஜமாகவே பிடித்த ஒன்றைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் நம்பாவிட்டால் எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வீட்டில் யாரோ பெரியவர் சொன்னதற்காக ஒரு படத்தைப் போட்டு, இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனைக் கையில் எடுத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அதில் தப்பே இல்லை, நானும் அப்படித்தான் இருந்தேன்.

பாட்டி போன பிறகு தாத்தா எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அவருக்குக் காது மந்தம். மெஷின் வாங்கிக் கொடுத்தும் சரியாக மாட்டிக்கொள்ள மாட்டார். புதுப் படம் ஓடினால் நிமிடத்துக்கு ஒருமுறை "என்ன சொல்றான்?" என்று கேட்பார். அதே தாத்தா பழைய படம் ஓடினால் வாயே திறக்க மாட்டார், ஒரு வசனம் தப்பாது அவருக்கு. இது எனக்கு ரொம்ப நாள் புதிராக இருந்தது. அந்த நடிகர்களில் பலர் நாடகத்திலிருந்து வந்தவர்கள், சிவாஜியே சின்ன வயதில், சிறுவர்களை வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மைக்கை நம்பாமல் கடைசி வரிசை வரை குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பழகியவர்கள். சொல்லை முழுசாக, விளிம்பு மழுங்காமல் சொல்வார்கள். நமக்கு அது "ஓவராக" இருக்கிறது. காது மந்தமான ஒரு மனிதருக்கு அதுதான் கதை.

ஒருநாள் அவர் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் ஒரு அம்மா மகனை நினைத்து நீளமாக அழுதுகொண்டிருந்தார். நானும் என் அத்தை பையனும் அதே மாதிரி அழுது காட்டிச் சிரித்தோம். தாத்தா எதுவும் சொல்லவில்லை. ரிமோட்டை என் பக்கம் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் நானே போய் "என்ன படம் பார்க்கலாம் தாத்தா?" என்று கேட்டேன். அதுதான் ஆரம்பம். ரசனையால் தொடங்கவில்லை, குற்ற உணர்ச்சியால் தொடங்கினேன். இதை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

முதலில் போட்டது ஒரு குடும்பப் படம். பாதியில் தாத்தா, "இந்தம்மாவுக்கு முகம் இவ்வளவு அகலம் கிடையாதே" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதாநாயகி சாவித்திரிக்குப் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரத்தைக் கவனித்தேன். வட்டமாக இருக்க வேண்டியது கோழிமுட்டையைப் படுக்கப் போட்ட மாதிரி இருந்தது. பழைய படங்களின் சட்டம் (ஃபிரேம்) கிட்டத்தட்ட சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அகலம் உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்குதான் அதிகம். நம் வீட்டு டிவி அதை இரண்டு பக்கமும் இழுத்துத் திரையை நிரப்பிக்கொண்டிருந்தது. செட்டிங்கில் போய் 4:3 என்று மாற்றினேன். இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வந்தது, கடிகாரம் வட்டமானது, சாவித்திரி சாவித்திரி ஆனார். தாத்தா "ஆங்" என்றார், அவ்வளவுதான்.

தயவுசெய்து முதலில் இதைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் சலிப்பைப் பற்றிப் பேசுங்கள். இணையத்தில் கிடைக்கிற பிரதிகளில் பல இப்படி இழுத்தவை, இல்லாவிட்டால் திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டியவை. நெற்றி இருக்காது, காலும் இருக்காது. நடுவில் மூன்று பாட்டு காணாமல் போயிருக்கும். சட்டைப் பித்தான் அளவில், தெளிவே இல்லாத ஒரு முத்திரை மூலையில் ஆடிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்துவிட்டு "பழைய படம் மோசம்" என்று சொல்வது நியாயமே இல்லை.

அடுத்து அவர் சொன்னது "அந்த நாள்". 1954-ல் எஸ்.பாலசந்தர் இயக்கி ஏவி.எம். எடுத்த படம். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டைக் காட்சி கிடையாது. 1943-ல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. படம் தொடங்கிய உடனே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி செத்து விழுகிறார். கதாநாயகனை ஆரம்பத்திலேயே சுட்டுவிட்டுப் பிறகு அவன் யார் என்று கேட்கிறார்கள்! ஒவ்வொருவரும் வாக்குமூலம் கொடுக்கக் கொடுக்க, சந்தேகம் ஒருவர்மேலிருந்து இன்னொருவர்மேல் தாவுகிறது. நான் போனை எங்கே வைத்தேன் என்றே எனக்கு ஞாபகம் இல்லை.

சிவாஜியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வயதுக்காரர்கள் சிவாஜியைப் பார்ப்பதற்கு முன்பே சிவாஜி மாதிரி பேசிக் காட்டுபவர்களைப் பார்த்துவிட்டோம். கன்னம் துடிக்கும், குரல் நடுங்கும், கை ஆடும். அதுதான் சிவாஜி என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான். இந்தப் படத்தில் அவர் அடங்கிய குரலில் பேசுகிறார். மனைவியாக வரும் பண்டரிபாயிடம் பேசும்போது அந்த ஆளை நம்பலாமா கூடாதா என்று நமக்கே நிச்சயமில்லை. பாதி முகத்தில்தான் வெளிச்சம் விழுகிறது, மற்ற பாதி இருட்டுக்குள் போய்விடுகிறது. வண்ணம் இருந்திருந்தால் என் கண் புடவையிலும் திரைச்சீலையிலும் அலைந்திருக்கும். இங்கே பார்ப்பதற்கு முகத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை. அன்றைக்குத்தான் கறுப்பு வெள்ளை என்பது வண்ணம் இல்லாத குறை அல்ல என்று எனக்கு உறைத்தது.

தாத்தா சிறுவனாக இருந்தபோதே இதைப் பார்த்தவராம். பாட்டே இல்லாத படத்துக்குக் கூட்டிவந்ததற்காக அவருடைய அண்ணனுக்கு வீட்டில் திட்டு விழுந்ததாம். வெளிவந்தபோது படம் பெரிதாக ஓடவில்லை, பேரும் மரியாதையும் பிறகு வந்ததுதான். ஆக, இன்றைக்குப் பெரியவர்கள் "அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா" என்று சொல்லும்போது, அந்தக் காலத்துக்காரர்களே எல்லாவற்றையும் கொண்டாடிவிடவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரிசையாகப் பார்த்தோம். "நெஞ்சில் ஓர் ஆலயம்" (1962) கிட்டத்தட்ட முழுக்க ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. "சொன்னது நீதானா" பாட்டில் ஒளிப்பதிவாளர் வின்சென்ட்டின் கேமரா கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளியே வருவதைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தேன். ஒரு அறை, ஒரு கட்டில், இரண்டு பேர். அதற்குள் எவ்வளவு இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள்! "சர்வர் சுந்தரம்" (1964) படத்தில் ஒரு பாட்டு ஒலிப்பதிவாவதையே காட்டுகிறார்கள். இசையமைப்பாளர் எம்.எஸ்.வி. கையசைக்க, பாடகர் டி.எம்.எஸ். நின்று பாட, வாத்தியக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஒருவர் பிசகினால் மொத்தமும் மறுபடி என்ற அந்தப் பயம் தெரிந்த பிறகு, பழைய பாட்டுகளை நான் கேட்கிற விதமே மாறிவிட்டது. ரஜினி முதன்முதலில் திரைக்கு வந்த "அபூர்வ ராகங்கள்" (1975) கூடக் கறுப்பு வெள்ளைதான். இதை என் தம்பியிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை, போட்டுக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டான்.

பழையது எல்லாமே பொன் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சில படங்களில் நகைச்சுவை தனி வண்டியாக ஓடும், அதற்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. சில படங்களில் அடிக்கிற புருஷன் காலில் மனைவி விழுந்து அழுதால் அதைப் பெருமையாகக் காட்டுவார்கள். அந்த இடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை பாதியில் எழுந்துவிட்டேன். தாத்தா கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், "உங்க பாட்டியும் இந்த இடத்துல எழுந்து போயிடுவா" என்றார். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்ல வயது ஒரு தடை இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாத்தாவிடம் ஒரு தகரப் பெட்டி நிறையப் பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் தியேட்டரில் விற்பார்களே, பாட்டு வரிகளும் கதைச் சுருக்கமும் போட்டு, முக்கியமான இடத்தில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்துவிடுவார்களே, அவைதான். ஒவ்வொன்றின் அட்டையிலும் எந்தத் தேதியில், யாரோடு பார்த்தார் என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். பழைய வீட்டைக் காலி செய்தபோது உறவுக்காரர் ஒருவர் "குப்பை" என்று சொல்லிப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். தாத்தாவைக் கேட்கவே இல்லை. தமிழின் முதல் பேசும்படம் "காளிதாஸ்", 1931-ல் வந்தது. அதன் படச்சுருள் இன்று கிடையாது. அதுபோல அழிந்துபோன எத்தனையோ படங்களைப் பற்றி ஆராய்பவர்கள் இந்த மாதிரிப் பாட்டுப் புத்தகங்களையும் பழைய விளம்பரங்களையும்தான் தேடி அலைகிறார்கள். அதை எடைபோட்டு விற்றவரிடம் எனக்கு இன்னும் முகம் கொடுத்துப் பேச வரவில்லை. பெரியவர்களின் பொருளை அவர்களைக் கேட்காமல் தூக்கிப் போடுகிற இந்தப் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பிடிக்கிறது. காட்டிக்கொள்ளவில்லை. எல்லாப் படமும் பிடிக்கவில்லை, ஆனால் பிடித்தவை ஆழமாகப் பிடித்திருக்கின்றன. உங்களுக்கும் பிடிக்கும் என்று உத்தரவாதம் தர என்னால் முடியாது. ஒரே ஒரு முறை "அந்த நாள்" முயன்று பாருங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள், சட்டத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள், போனை வேறு அறையில் வையுங்கள். வீட்டில் ஏற்கெனவே பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சத்தியம் வாங்கிவிடுங்கள். எங்கள் தாத்தாவுக்கு எந்த ரகசியமும் வயிற்றில் தங்காது. வீட்டில் யாருக்கு என்ன பரிசு வாங்கி வைத்திருக்கிறோம் என்பதுகூட முதல் நாளே அவர் மூலம் வெளியே வந்துவிடும். அப்படிப்பட்டவர், யார் சுட்டது என்று நன்றாகத் தெரிந்தும், கைகளை மடியில் கட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் இரண்டு மணிநேரமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை விடவில்லை.

நீங்களும் முடிவை முன்கூட்டித் தேடிப் படித்துவிடாதீர்கள்.