ஊர்ப் பெரியவர்கள் எழுதிய தாளும் நீதிமன்றம் அனுப்பிய சம்மனும்

கேள்வி: மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அம்மா அவர்களுக்கு வணக்கம். எனக்குத் திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கணவர் குடித்துவிட்டு அடித்ததால், இரண்டரை ஆண்டுகளாக அம்மா வீட்டில் பீடி சுற்றிப் பிழைத்து வருகிறேன். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, ‘இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை’ என்று முத்திரைத்தாளில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, சீர்ப் பாத்திரங்களையும் திருப்பித் தந்துவிட்டார்கள். இப்போது, நான் அவரோடு சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று அவர் போட்ட வழக்கில் குடும்ப நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. ‘அத்துவிட்ட பிறகு கோர்ட்டுக்கு எதற்குப் போகவேண்டும்’ என்கிறார் என் சித்தப்பா. மகளுக்காக ஒருமுறை போய் இருந்து பார்க்கலாமா என்றும் மனம் அடித்துக்கொள்கிறது. போய்ச் சரிப்படாமல் திரும்பினால், பழையதை எல்லாம் நானே மன்னித்துவிட்டதாகச் சொல்லிவிடுவார்களா?
— ஒரு வாசகி, முக்கூடல் அருகில்

பதில்: சகோதரி, முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். சம்மனில் குறித்துள்ள தேதியில் நீங்கள் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். உங்கள் சித்தப்பா உங்கள் நன்மைக்காகவே சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் நம்பியிருக்கும் அந்தத் தாள் உங்கள் திருமணத்தை முடித்து வைக்கவில்லை.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், வழக்காற்றின்படி நடக்கும் மணமுறிவை 29(2) பிரிவில் காப்பாற்றி வைத்திருப்பது உண்மைதான். நம் தெற்கத்திச் சீமையில் சில சமூகங்களில் அத்துவிடுதல் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. ஆயினும், அந்த வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இடைவிடாமல் உண்டு என்று, அதைச் சொல்லுகிறவர் சாட்சியத்தால் மெய்ப்பித்தால்தான் நீதிமன்றம் ஏற்கும். நாலு பெரியவர்கள் கையெழுத்திட்டதே போதும் என்று நம்பி மறுமணம் செய்துகொண்டு, பிறகு அந்த மணமே செல்லாது என்று கேட்டு இடிந்துபோன பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாளில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. கணவனும் மனைவியும் பரஸ்பரச் சம்மதத்தால் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு மாத ஜீவனாம்சம் கிடையாது என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்தது; அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. அடி தாங்காமல் வெளியேறிய உங்களை, ‘மனமொத்துப் பிரிந்தவள்’ என்று காட்ட அந்தக் கையெழுத்து எதிர்த்தரப்புக்குப் பயன்படக்கூடும். எனவே, எந்தச் சூழ்நிலையில், யார் சொல்லிக் கையெழுத்திட்டீர்கள் என்பதை உங்கள் எதிருரையில் விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் போட்டிருப்பது இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் வரும் மனு. நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அதன்பின் காவலர் வந்து உங்களைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் வீட்டில் விடப்போவதில்லை. சேர்ந்து வாழும்படி யாரையும் உடலால் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பின் ஓராண்டு நீங்கள் இருவரும் சேராமலே கழிந்தால், அதையே காரணமாகக் காட்டி 13(1ஏ) பிரிவின்படி அவர் விவாகரத்துக் கேட்கலாம். சேர்த்து வைக்கப் போட்ட வழக்கு இப்படிப் பிரித்து வைப்பதில் போய் முடிகிறது. பல பெண்களுக்கு இது தெரிவதே இல்லை என்பதுதான் என் வருத்தம். அத்தகைய தீர்ப்பு வந்துவிட்டாலும் ஜீவனாம்சம் தானாகப் பறிபோய்விடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

பிரிந்து வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டும் பொறுப்பு இந்த வழக்கில் உங்களுடையது. அரசு மருத்துவமனைச் சீட்டு, மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்கான சி.எஸ்.ஆர். ரசீது, அடித்த இரவில் நீங்கள் ஓடி வந்து நின்ற அடுத்த வீட்டு ஆச்சியின் சாட்சியம் எனக் கையில் இருப்பதை எல்லாம் திரட்டுங்கள். வழக்கு நடக்கும்போதே 24ஆம் பிரிவின் கீழ் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேளுங்கள். பீடி சுற்றி வரும் சொற்பக் கூலி அதற்குத் தடையாகாது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்டக் குழுவிலோ ஒரு மனு கொடுத்தால் போதும்.

இனி, உங்கள் மனத்தை அரிக்கும் கேள்விக்கு வருகிறேன். போய் இருந்து பார்ப்பதில் எந்தத் தலைகுனிவும் இல்லை; அப்படிப் போவதாலேயே உங்கள் உரிமை அற்றுப்போவதும் இல்லை. கொடுமையை மன்னித்து ஏற்றுக்கொண்டவர் அதே கொடுமையைச் சொல்லி விவாகரத்துப் பெற முடியாது என்று 23ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அந்த மன்னிப்பு, இனி அப்படி நடக்காது என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. மீண்டும் கொடுமை தொடங்கினால் மன்னித்த பழைய குற்றமும் உயிர்பெற்று எழும் என்று தாஸ்தானே வழக்கில் 1975இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே போவதானால், ‘பிசான அறுவடை முடிந்ததும் வந்து அழைத்துக்கொண்டு போகிறோம்’ என்று மாமியார் வீட்டார் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள். சமரச மையத்துக்கு அனுப்பும்படி நீதிபதியிடம் நீங்களே கேளுங்கள். தனிக்குடித்தனம், குடியை நிறுத்தச் சிகிச்சை, மகளின் படிப்புச் செலவு, உங்கள் கூலி உங்கள் கையிலேயே இருப்பது ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். வழக்கை உடனே முடித்துக்கொள்ளாமல், சில மாதங்கள் வாய்தா கேட்டு நிலுவையில் வைத்துவிட்டுப் போங்கள். சமரசப் பேச்சில் நீங்கள் மனம்விட்டுச் சொல்வதை அவர் பின்னால் சாட்சியமாக்க முடியாது. ஆனால் கை ஓங்குவது இன்னும் நிற்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், மகளுக்காக என்று சொல்லிக்கொண்டும் போக வேண்டாம்.

கேள்வி: என் மகளும் மருமகனும் பிரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இருவரும் மனமொத்து விவாகரத்துக் கேட்டால், மனுப் போட்ட பிறகும் ஆறு மாதம் காத்திருந்தே ஆகவேண்டுமா?
— ஒரு தந்தை, தென்காசி

பதில்: ஐயா, இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு அந்த ஆறு மாதத்தை, மனம் மாறினால் மாறட்டும் என்றுதான் வைத்திருக்கிறது. ஆயினும் அது கட்டாயமல்ல என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுப் போடும் முன்பே ஒன்றரை ஆண்டுகள் பிரிந்திருந்து, சமரச முயற்சிகள் தோற்று, ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் உண்மையாகவே பேசித் தீர்க்கப்பட்டு, காத்திருப்பது வேதனையை நீட்டிப்பதாக மட்டுமே இருக்குமானால், நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம். முதல் மனுவுக்கு ஒரு வாரம் கழித்து, காரணங்களை எழுதித் தனி மனு கொடுக்க வேண்டும். தீர்ப்பு வரும் நாள்வரை இருவரில் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், நகையைத் திருப்பித் தருவதும் பணம் கொடுப்பதும் எந்தத் தேதியில், எந்தக் கட்டத்தில் என்று உடன்படிக்கையிலேயே எழுதிவிடுங்கள். கையெழுத்திடும் முன், உங்கள் மகளைத் தனியே அழைத்து, இது அவளுடைய விருப்பம்தானா என்று ஒருமுறை கேளுங்கள்; சம்மதம் அவளுடையதாக இருக்கிறதா என்று நீதிபதியும் அவளிடம்தான் கேட்பார்.