நாலு ஸ்பூனிலேயே வயிறு நிறைகிறது, 60 கிராம் புரதத்துக்கு என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 41. எடை குறைப்பதற்காக இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து 12 வாரம் ஆகிறது. எடை நன்றாகவே இறங்குகிறது. ஆனால் நாலைந்து ஸ்பூன் சாப்பிட்டாலே நெஞ்சு வரை அடைத்துக்கொள்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் 'தினமும் 60 முதல் 80 கிராம் புரதம்' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 35 கிராம்கூட வரவில்லை. முட்டை இறங்குகிறது, கோழிக்கறி பாதியிலேயே நின்றுவிடுகிறது. தலை சீவினால் முடி கொத்தாக வருகிறது. இதற்கிடையில் ஒருவர் போன் செய்து, மருத்துவமனையில் என் எண்ணைக் கொடுத்தார்கள் என்கிறார். புரதப் பொடி, கொலாஜன், முடி மாத்திரை எல்லாம் சேர்ந்த மூன்று மாத 'பேக்கேஜ்' வாங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தசையெல்லாம் கரைந்துவிடும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த பேக்கேஜை வாங்காதீர்கள். ஒரு நல்ல புரதப் பொடி மட்டும் உங்களுக்கு இப்போது தேவைப்படும். அதை நீங்களே கடையில் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் கவலைக்கு வருகிறேன். 12 வாரத்தில் நாலைந்து ஸ்பூனுக்கு மேல் இறங்காதது கோளாறு இல்லை. ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒடுங்கிய ஒரு குழாய், ஆரம்பத்தில் அதில் 100 முதல் 150 மில்லி பிடித்தாலே அதிகம். அடைக்கிற உணர்வு வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் ரெண்டு வாய்' என்று தள்ளினால் வாந்திதான். ஆகவே சாப்பாட்டின் அளவைக் கூட்டி 60 கிராமைப் பிடிக்கும் முயற்சியை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு வேளைத் தட்டில் 10 கிராம் வந்தால் போதும். மீதியைச் சாப்பாட்டுக்கு நடுவே குடித்துச் சேர்க்க வேண்டும். அந்தத் தாளில் எழுதியிருக்க வேண்டிய இரண்டாவது வரி இதுதான். ஏன் எழுதவில்லை என்று கேட்டால், எல்லோருக்கும் ஒரே தாளை நகல் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் அப்படி. ஆபரேஷனுக்கு முன் எத்தனையோ பரிசோதனைகள், எத்தனையோ கையெழுத்துகள். முடிந்து வீட்டுக்குப் போன பிறகு ஒரு வேளைக்கு எதை எவ்வளவு சாப்பிடுவது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் கிடைப்பதில்லை. போன் செய்து பேக்கேஜ் விற்பவர் அந்த இடைவெளியில்தான் நுழைகிறார்.

சரி, 60 கிராமை எப்படிச் சேர்ப்பது? தோராயக் கணக்கு இது. ஒரு முட்டையில் 6 கிராம். 200 மில்லி பாலில் 6 முதல் 7. தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 100 கிராமில் 8 முதல் 10, வடிக்காத தயிரில் அதில் பாதிகூட வராது. வெந்த மீன் 30 கிராமில் 6 அல்லது 7. கெட்டியாக வேகவைத்து மசித்த பருப்பு மூன்று மேசைக்கரண்டியில் 4. கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டியில் 5. நல்ல புரதப் பொடி ஒரு ஸ்கூப் (டப்பாவோடு வரும் அளவுக் கரண்டி) என்றால் 20 முதல் 25.

இதை ஒரு நாளில் அடுக்கிப் பாருங்கள். காலையில் ஒரு முட்டை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தம்ளர் பாலில் அரை ஸ்கூப் பொடி. மதியம் மசித்த பருப்பும் கொஞ்சம் மீனும். மாலையில் மறுபடி ஒரு தம்ளர் பால், மீதி அரை ஸ்கூப். இரவு வடித்த தயிர். கூட்டினால் 60 கிராமை ஒட்டி வருகிறது. எந்த வேளையிலும் நாலைந்து ஸ்பூனுக்கு மேல் போகவில்லை. பால் குடித்தால் வயிறு உப்பி, கலங்கினால் பாலில் கலக்காமல் தண்ணீரில் கலக்குங்கள், சோயாப் பாலிலும் கலக்கலாம். பொடியும் 'ஐசொலேட்' வகையாக இருக்கட்டும், அதில் பால் சர்க்கரை மிகக் குறைவு.

சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பாலையும் பொடியையும் ஒரே மடக்கில் குடிக்காமல் அரை மணி நேரத்துக்கு நீட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். தட்டில் எது இருந்தாலும் முதல் வாய் புரதமாக இருக்கட்டும். மாவுப் பண்டத்தை முதலில் எடுத்தால் அதிலேயே இடம் தீர்ந்துவிடும்.

கோழிக்கறி நிற்பதற்குக் காரணம் அதன் வறட்சி. வறுத்ததும் சுட்டதும் இப்போதைக்கு வேண்டாம். கொத்தி, குழம்பில் நன்றாக வேகவிட்டு, அரைத் தேக்கரண்டி அளவாக எடுத்து, கூழாகும்வரை மெல்லுங்கள். நேற்றுச் சமைத்ததைச் சூடு பண்ணினால் இன்னும் காய்ந்து போகும், அதுதான் அதிகம் நிற்கும். அப்படியும் நின்றால் இரண்டு மாதம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். அதுவரை முட்டை, மீன், தயிர், பருப்பு, சோயாப் பாலில் செய்யும் டோஃபு போதும்.

இப்போது டப்பா விஷயம். இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். திருப்பி, பின்பக்கக் கட்டத்தைப் படியுங்கள். 'ஒரு ஸ்கூப்பில் எவ்வளவு புரதம், அந்த ஸ்கூப் எத்தனை கிராம்' என்ற இரண்டு எண் போதும். 30 கிராம் ஸ்கூப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் என்றால் நல்லது. 30 கிராமில் 8 அல்லது 10 என்றால் மீதியில் பெரும்பங்கு மாவும் சர்க்கரையும்தான். மருந்துக்கடை அலமாரியில் 'ஊட்டச்சத்து பானம்' என்று இருப்பவற்றில் பல இந்த ரகம். உடற்பயிற்சிக் கூடங்களில் எடை கூட்டுவதற்கு என்று விற்கும் பெரிய டப்பாக்கள் அதைவிட மோசம். எடை குறைக்க வயிற்றையே வெட்டிக்கொண்டவர் கையில் அதைக் கொடுத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அப்புறம், '100 கிராமில் 80 கிராம் புரதம்' என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். நீங்கள் 100 கிராம் சாப்பிடப் போவதில்லை.

கொலாஜன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதுவும் புரதம்தான், ஆனால் அரைகுறைப் புரதம். உடலால் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாமல், உணவிலிருந்தே வாங்க வேண்டிய அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் துண்டுகள், 9. அவற்றில் டிரிப்டோஃபான் என்பது கொலாஜனில் அறவே இல்லை. கொலாஜன் 20 கிராம் குடித்துவிட்டு உங்கள் 60 கிராம் கணக்கில் 20ஐ எழுதினால் உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள். தசையைக் காப்பதற்கு அதை நம்பக் கூடாது. 'புரோட்டீன் வாட்டர்' என்று பாட்டிலில் வருபவை சிலவற்றிலும் கொலாஜன்தான் இருக்கும், பொருள் பட்டியலைப் படியுங்கள்.

இன்னொரு தந்திரம் இருக்கிறது. ஆய்வகங்களில் புரதத்தைப் பெரும்பாலும் நேராக அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து கணக்குப் போடுகிறார்கள். ஆகவே கிளைசின், டாரின் மாதிரி நைட்ரஜன் உள்ள மலிவான சரக்கைக் கலந்தால் சோதனையில் எண் ஏறும், உங்கள் உடலுக்கு அந்த அளவு புரதம் போய்ச் சேராது. சீனாவில் 2008இல் குழந்தைகளின் பால் பவுடரில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்ததும் இதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான். பொருள் பட்டியலில் வே (பாலிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு புரதம்), பால் புரதம், சோயா இவற்றோடு கிளைசின் தனியாக எழுதியிருந்தால் அந்த டப்பாவை வைத்துவிட்டு வாருங்கள். மலிவாகவும் கலப்பில்லாமலும் வேண்டுமென்றால் கொழுப்பு நீக்கிய பால் பவுடரே போதும். பால் ஒத்துக்கொள்பவர்களுக்கு அதைச் சொல்ல யாரும் போன் செய்யமாட்டார்கள், அதில் கமிஷன் கிடையாது.

உங்கள் எண்ணை அந்த நபருக்கு யார் கொடுத்தார்கள் என்று மருத்துவமனையில் எழுத்தில் கேளுங்கள். நோயாளியின் விவரத்தை விற்பனைக்குக் கொடுப்பது தவறு. கேட்க யாரும் இல்லை என்ற தைரியத்தில்தான் இது நடக்கிறது.

முடி கொட்டுவது பெரும்பாலும் ஆபரேஷனும் வேகமான எடை இழப்பும் உடலுக்குக் கொடுத்த அதிர்ச்சியால். மூன்றாவது மாதத்தை ஒட்டித் தொடங்கி, சில மாதம் கொட்டி, பிறகு பலருக்கு வளர்ந்துவிடும். புரதம் குறைந்தால் கொட்டுவது கூடும், அதனால்தான் முதலில் 60 கிராம். கூடவே இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், துத்தநாகம், பி12, தைராய்டு நான்கையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். முடி மாத்திரை என்று விற்பதில் பெரும்பாலும் பயோட்டின் என்கிற விட்டமின் அதிக அளவில் இருக்கும். அது சில வகை ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பிவிடும். தைராய்டு சோதனை, மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனை இரண்டுமே அதில் தப்பாகக் காட்டலாம். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும்முன் கட்டாயம் சொல்லுங்கள். பற்றாக்குறை இருப்பதாகச் சோதனை காட்டாமல் வாங்கிச் சாப்பிட வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த விட்டமின், கால்சியம், இரும்பு மாத்திரைகள் வேறு விஷயம். அவற்றை நிறுத்தவே கூடாது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே எழுதிய 60 கிராம் கணக்கு ஸ்லீவ் செய்தவர்களுக்கும், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் வழக்கமான பைபாஸ் செய்தவர்களுக்கும் பொருந்தும். சாப்பாடு சிறுகுடலில் நீண்ட பகுதியைத் தாண்டிப் போகும்படி இணைக்கும் ஆபரேஷன்களும் உண்டு. டியோடினல் ஸ்விட்ச் என்பது அதில் ஒன்று. ஒரே இணைப்பு மட்டும் போடும் 'மினி பைபாஸ்' என்பதிலும் குடலை அதிக நீளம் தாண்டவிட்டால் இதே நிலைதான். இவர்கள் சாப்பிடும் புரதத்தில் ஒரு பங்கு உடலில் சேராமலே வெளியே போய்விடும். டியோடினல் ஸ்விட்ச் செய்தவர்களுக்கு 80 முதல் 120 கிராம் வரை தேவைப்படும். சிலருக்கு 60 கிராம் ஒழுங்காகச் சாப்பிட்டும் கால் வீங்கும், நடை தளரும், எண்ணெய்ப் பசையோடு அடிக்கடி மலம் போகும். அப்படி ஆனவர்கள் கூடுதலாகப் பொடி குடித்துச் சமாளிக்கப் பார்க்கக் கூடாது, ஆபரேஷன் செய்தவரிடம் உடனே போக வேண்டும். சிலருக்கு இணைப்பையே மாற்றி அமைக்க வேண்டிவரும். இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், தனக்கு நடந்தது எந்த ஆபரேஷன் என்றே சரியாகத் தெரியாமல் வருகிறவர்கள் நிறையப் பேர். 'ஸ்லீவ் என்றுதான் சொன்னார்கள்' என்பார்கள், டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்தால் ஸ்லீவோடு குடலும் இணைக்கப்பட்டிருக்கும். சில தாள்களில் குடலை எவ்வளவு நீளம் விட்டு இணைத்தார்கள் என்பதே இருக்காது. அது இல்லாமல் நாங்கள் எந்தக் கணக்கைச் சொல்வது? உங்கள் தாளை எடுத்துப் பாருங்கள். ஆபரேஷனின் முழுப் பெயர் இல்லையென்றால் ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

தசை கரைந்துவிடும் என்று போனில் பயமுறுத்தினார் அல்லவா? எடை வேகமாக இறங்கும்போது கொஞ்சம் தசையும் போகத்தான் செய்யும். அதைக் குறைக்கப் புரதத்தோடு தசைக்கு வேலையும் வேண்டும். நடை மட்டும் போதாது. பாரம் தூக்க அனுமதி உண்டா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து கைபிடிக்காமல் எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, சிறு எடை தூக்குவது என்று வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தின் சோதனை சரியாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் புரதம் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது மெதுவாக மாறும் எண், குறையும்போது பெரும்பாலும் தாமதமாகிவிடும். சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருந்தால் மட்டும் இந்த 60 கிராமையும் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அடுத்த மூன்று நாள் வாயில் போனதையெல்லாம் ஸ்பூன் கணக்கில் எழுதி வையுங்கள், குடித்ததையும் சேர்த்து. அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள், இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட முடியாது. அதற்குள் எப்போதாவது வாந்தி இரண்டு மூன்று நாள் விடாமல் இருந்தால் இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தயமின் என்கிற பி1 விட்டமின் உடலில் சில வாரத்துக்குத்தான் தாங்கும், தீர்ந்தால் பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், மூளையே பாதிக்கப்படும். அங்கே குளுக்கோஸ் ஏற்றப் போனால், 'எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முதலில் தயமின் போடுங்கள்' என்று நீங்களோ உங்களோடு வருபவரோ சொல்ல வேண்டும். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு உங்கள் ஆபரேஷன் பற்றித் தெரிந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.